மலைச் சைக்கிளில் மோட்டார் ஏறிய கதை

மின்மோட்டார் வைத்த மலைச் சைக்கிள் ஒன்று காட்டுப் பாதையில் தாண்டிப் போனால், மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருக்கும் பழைய ஆட்கள் இரண்டே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: ஏமாற்று வேலை. சொந்தக் காலால் ஏறாத மலையிலிருந்து இறங்க என்ன உரிமை இருக்கிறது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வியாகத்தான் தெரியும், இந்த விளையாட்டு பிறந்த கதை தெரியாத வரை.

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கிறது மரின் வட்டாரம். அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு மேலே, தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண்பாதையில், 1976 அக்டோபர் 21 அன்று சில இளைஞர்கள் ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயத்தை முதன்முறையாக நடத்தினார்கள். மூன்றரைக் கிலோமீட்டருக்குள் சுமார் 400 மீட்டர் இறக்கம். ஓட்டியது, பல பத்தாண்டுகள் பழையதான தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அடிவாரம் வருவதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் வெந்து புகையும், அடுத்த ஓட்டத்துக்கு முன் புதிதாக அடைக்க வேண்டும். கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, ஜோ பிரீஸ் எனப் பின்னாளில் பெயர் வாங்கியவர்கள் எல்லாம் அந்தச் சரிவில் புழுதி குடித்தவர்கள்தான். 1977-ல் பிரீஸ் மலைக்கென்றே ஒரு சைக்கிள் செய்தார். 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டியைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது.

அவர்கள் உச்சிக்கு எப்படிப் போனார்கள்? தள்ளிக்கொண்டு போனதும் உண்டு. வண்டி கிடைத்தால் பிக்கப் லாரியில் சைக்கிள்களை அள்ளிப் போட்டுக்கொண்டு போனதும் உண்டு. பிறகு கியர் வந்தது, ஏறுவதும் விளையாட்டில் சேர்ந்தது. ஆனாலும் இறக்கத்தையே விரும்பியவர்கள் மோட்டாரை விடவில்லை. கனடாவின் விஸ்லரில் பனிச்சறுக்குக்காரர்களைத் தூக்கிப்போகும் நாற்காலிகள் கோடையில் சைக்கிள்களைத் தூக்கிப்போகின்றன. இத்தாலியின் ஃபினாலே லிகுரேயில் வேனுக்குப் பின்னால் டிரெய்லர் கட்டி, காலையிலிருந்து மாலைவரை சைக்கிள்களை மலைக்கு ஏற்றி இறக்குவது ஒரு தொழில். மோட்டார் எப்போதும் இருந்தது. சைக்கிளுக்கு வெளியே இருந்தது, அவ்வளவுதான். டீசல் வேனில் ஏறி உட்கார்ந்து போனவரை யாரும் ஏமாற்றுக்காரர் என்று சொன்னதில்லை.

அது சைக்கிளுக்குள் வந்தது 2010 வாக்கில். அதற்கு முன்பும் மின்சைக்கிள்கள் இருந்தன. ஆனால் பலவற்றில் மோட்டார் சக்கரத்தின் நடுவில் இருந்தது. தட்டையான ஊர்ச் சாலைக்கு அது போதும். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது அந்த மோட்டார் திணறும், சூடேறும். கார் உதிரிபாகங்களுக்குப் பேர்போன பாஷ் நிறுவனம் மோட்டாரைப் பெடல் அச்சிலேயே வைத்தது. அங்கே வைத்ததால் மோட்டாரின் விசையும் மனிதக் காலின் விசையும் ஒரே செயின் வழியாக, ஒரே கியர்கள் வழியாகப் போகின்றன. ஏற்றம் செங்குத்தானால் கியரைக் குறைத்துக்கொண்டால் போதும், மோட்டார் தன் வசதியான வேகத்திலேயே சுழலும். ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டைச் சேர்ந்த ஹைபைக் நிறுவனம் அந்த மோட்டாரை வைத்து எக்ஸ்டூரோ என்ற மலைச் சைக்கிளை 2010-ல் காட்டியபோது சிரித்தவர்கள் நிறைய. 2015-ல் மலைக்கென்றே 75 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையுள்ள மோட்டாரை பாஷ் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஸ்பெஷலைஸ்டின் டர்போ லீவோ வந்தது, 2016-ல் ஷிமானோவும் களத்தில் இறங்கியது. 2023-ல் ஜெர்மனியில் விற்ற சைக்கிள்களில் 53 சதவீதம், ஏறத்தாழ 21 லட்சம், மின்சைக்கிள்கள். அவற்றில் பெரிய பங்கு மலைச் சைக்கிள்களுக்கு.

மின்சைக்கிளுக்கு மாறியவர்கள் முதலில் கவனிப்பது, இது ஸ்கூட்டர் இல்லை என்பதைத்தான். கைப்பிடியில் திருகுவதற்கு எதுவும் இல்லை. மிதித்தால்தான் மோட்டார் வேலை செய்யும். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அதற்கேற்றபடி உதவும். பெடல் அச்சில் இருக்கிற உணரி அந்த அழுத்தத்தை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் அளக்கிறது. ஐரோப்பாவில் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டார் கைவிட்டுவிடும். அமெரிக்காவில் இந்த வகைக்கு 32 கிலோமீட்டர் வரை விடுகிறார்கள்.

ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொள்வோம். ஈர மண், வளைவின் நடுவில் முழங்கால் பாதி உயரத்துக்கு ஒரு வேர், அதற்கு மேலே சரளைக் கற்கள். சாதாரண சைக்கிளில் கடைசிக் கியர், இதயம் தொண்டைக்கு வந்துவிடும், ஒரு மிதியில் பின்டயர் வழுக்கும், கால் தரையில். ஊன்றிய கால் ஊன்றியதுதான். அந்தச் சரிவில் மறுபடி ஏறி உட்கார்ந்து மிதிக்கத் தொடங்குவது நடக்காத காரியம். மின்சைக்கிளில் அதே வளைவுக்கு வேறு பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. சீட்டின் நுனிக்கு நகர்ந்து, நெஞ்சை ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் கொண்டுபோகாவிட்டால் மோட்டாரின் தள்ளலில் முன்சக்கரம் மேலே எழும்பிவிடும். கடைசிக் கியரில் போட்டு அரைப்பதும் உதவாது. ஒன்றிரண்டு கியர் கூட்டி, நிமிடத்துக்கு 80 சுற்று அளவில் கால் சுழன்றுகொண்டே இருந்தால்தான் மோட்டார் தாராளமாகக் கொடுக்கும். வேர் வரும்போது முழுச் சுற்று மிதித்தால் பெடல் கல்லில் இடிக்கும். அதனால் கால் சுற்றாக முன்னும் பின்னும் தட்டித் தட்டி மிதிக்கிறார்கள். முன்பு யாரும் மிதிக்காத இடங்களில் எல்லாம் இப்போது மிதிப்பதால்தான் பல வண்டிகளில் 170, 175 மில்லிமீட்டர் கிராங்குக்குப் பதிலாக 160, 165 வந்திருக்கிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிக்கொடுக்கிற ஏற்பாடு சில மோட்டார்களில் உண்டு. சரியான நேரத்தில் கடைசி மிதியை அழுத்தி நிறுத்தினால், பின்சக்கரம் வேரைத் தாண்டும்வரை அது கூடவே வரும்.

இதில் வழுக்கி விழுகிறவர்களும் நிறைய. குறிப்பாக, அதிகபட்ச உதவியில் வைத்துவிட்டு, நின்ற இடத்தில் யோசிக்காமல் ஒரு காலைப் பெடலில் வைக்கிற புதியவர்கள்.

ஏறுவது தண்டனையாக இருந்தது போய் அதுவே ஒரு விளையாட்டாகிவிட்டது. மாறியவர்களில் பலரும் எதிர்பார்க்காமல் பெற்ற லாபம் இதுதான். வாங்கும்போது எல்லோரும் இறக்கத்தைத்தான் நினைக்கிறார்கள்.

இனி கொஞ்சம் கணக்கு. 76 கிலோ ஆள், 24 கிலோ வண்டி, மொத்தம் 100 கிலோ. அதை 1,000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க, உராய்வைக் கணக்கில் எடுக்காமலே, ஏறத்தாழ 272 வாட்-மணி ஆற்றல் வேண்டும். சுமாரான உடல்தகுதி உள்ளவர் தொடர்ந்து 150 வாட் மிதிப்பார் என்று வையுங்கள். மோட்டார் இன்னொரு 300 வாட் சேர்த்தால், கணக்குப்படி முக்கால் மணிக்குள் மேலே போய்விடலாம். அதே ஆள், மோட்டார் இல்லாத 14 கிலோ வண்டியில், அதே 150 வாட்டில் போனால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் நல்ல பாதையில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் மட்டுமே கிடைக்கிற ஒருவருக்கு இந்த வித்தியாசம் ஒரு இறக்கமா, மூன்று இறக்கமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதே கணக்கு பேட்டரியின் எல்லையையும் சொல்லிவிடும். அந்த ஏற்றத்தில் மூன்றில் இரண்டு பங்கை மோட்டார் சுமந்தால் 180 வாட்-மணி போகிறது. மோட்டாரில் வெப்பமாக வீணாவதையும் டயரின் உராய்வையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டும். ஆக, 600 வாட்-மணி பேட்டரி என்பது இப்படி ஓட்டினால் 2,000 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான ஏற்றம். உதவியைக் குறைத்து வைத்தால் நீளும். முழு உதவியில் ஓட்டினால், குளிரிலும், எடை கூடினாலும் சுருங்கும். விளம்பரத்தில் எழுதியிருக்கிற கிலோமீட்டர் கணக்கு மலைக்குப் பயன்படாது. மலையில் பேட்டரி தீர்வது தூரத்தால் இல்லை, உயரத்தால்.

உடம்புக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறதா? அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அனுபவமுள்ள 33 மலைச் சைக்கிள்காரர்களை ஒரே பாதையில் இரண்டு வகை வண்டியிலும் ஓட்டவைத்து இதயத் துடிப்பை அளந்தார்கள். 2019-ல் வெளியான முடிவு பலரை வாயடைக்க வைத்தது: மின்சைக்கிளில் சராசரித் துடிப்பு, சாதாரண சைக்கிளில் இருந்ததில் கிட்டத்தட்ட 94 சதவீதம். ஓட்டியவர்களுக்கோ அவ்வளவு பாடுபட்டதாகத் தோன்றவே இல்லை. சிறிய ஆய்வுதான், எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. முழு உதவியில் வைத்து ஒப்புக்கு மிதித்தால் துடிப்பும் ஒப்புக்குத்தான் ஏறும். ஆனால் சோம்பேறி வண்டி என்ற பட்டத்தை அது கொஞ்சம் அசைத்துவிட்டது.

பட்டத்தை முழுதாகக் கழற்றியது பந்தயக் களம். உலக சைக்கிள் சம்மேளனம் 2019-ல் கனடாவின் மோன்-செயின்ட்-ஆனில் மின்மலைச் சைக்கிளுக்கு முதல் உலகச் சாம்பியன் போட்டியை நடத்தியது. ஆண்களில் வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆலன் ஹேதர்லி, பெண்களில் சுவிட்சர்லாந்தின் நத்தாலி ஷ்னைட்டர். அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவின் லியோகாங்கில் ஆண்கள் பட்டத்தை வென்றவர் பிரிட்டனின் டாம் பிட்காக். அந்தப் பெயரை மறந்தவர்களுக்கு: டோக்கியோவிலும் பாரிஸிலும் மலைச் சைக்கிள் ஒலிம்பிக் தங்கம் இரண்டையும் மோட்டார் இல்லாமல் வென்றவர் அவரேதான். ஹேதர்லியும் 2024-ல் பாரிஸில் வெண்கலம் வாங்கி, அதே ஆண்டு மோட்டார் இல்லாத உலகப் பட்டத்தையும் எடுத்துக்கொண்டார். இவர்களைப் போய்ச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

சரி, இறக்கத்துக்கு வருவோம். இங்கேதான் மோட்டாருக்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. முழு சஸ்பென்ஷன் உள்ள மின்சைக்கிள் பெரும்பாலும் 22 முதல் 25 கிலோ. கற்கள் நிறைந்த வேகமான நேர் இறக்கத்தில் அந்த எடை நல்லதுதான். மோட்டாரும் பேட்டரியும் கீழே இருப்பதால் வண்டி தரையை விட்டு எகிறாமல் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் அடுத்தடுத்து வளைகிற குறுகிய பாதையில் அதைத் திருப்புவதற்குத் தோள் வலிக்கும். கீழே கிடக்கும் மரத்தைத் தாண்டக் குதிக்க வைப்பது, சாதாரண சைக்கிளில் கைவந்தவருக்கும் முதல் சில வாரங்கள் கைவராது. பிரேக் டிஸ்க் 200 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. டயரின் பக்கச்சுவர் தடிமனாக இருக்க வேண்டும், மெல்லியதைப் போட்டால் பஞ்சர் ஒட்டியே பொழுது போய்விடும். இறக்கத்தில் மிதிக்காமல் வரும்போது சில மோட்டார்களுக்குள் பற்சக்கரம் கடகடவென்று தட்டும். பாஷின் நான்காம் தலைமுறை மோட்டாரில் அந்தச் சத்தம் பிரசித்தம். எந்தப் பாதிப்பும் இல்லை என்று எவ்வளவு சொன்னாலும், காட்டின் அமைதிக்காகப் போனவருக்கு எரிச்சல் எரிச்சல்தான்.

செலவும் மாறுகிறது. செயினும் பின் பற்சக்கரங்களும் இரண்டு பேர் விசையைத் தாங்குவதால் சீக்கிரம் தேயும். ஏற்றத்தில் முழு விசையோடு கியர் மாற்றுகிற பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம். மாற்றும் நொடியில் காலைத் தளர்த்துகிறவர்களுக்குச் செயின் நெடுநாள் வரும். பேட்டரியை நாள்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் முழுதாகச் சார்ஜ் ஏற்றி வைக்கக்கூடாது, 30 முதல் 60 சதவீதத்தில், குளிர்ச்சியான உலர்ந்த இடத்தில் வைப்பது நல்லது. ஐரோப்பாவில் உருப்படியான முழு சஸ்பென்ஷன் வண்டிக்குச் சில ஆயிரம் யூரோ வேண்டும். மேல்தட்டு வண்டிகளின் விலையில் ஒரு கார் வாங்கலாம், மிகைப்படுத்தல் இல்லை.

விமானத்தில் போய் வெளிநாட்டு மலையில் ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பெரிய தடை இருக்கிறது. பயணிகள் விமானத்தில் லித்தியம் பேட்டரிக்கு உச்சவரம்பு 100 வாட்-மணி. விமான நிறுவனம் அனுமதித்தால் 160. மலைச் சைக்கிளின் பேட்டரி 400, 600, 800. பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. வீட்டிலிருந்து காரில் போகிற மலை, அல்லது போன இடத்தில் வாடகை வண்டி என்று வழி இரண்டுதான்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது, எங்கே ஓட்டலாம் என்பது. ஐரோப்பாவில் தொடர்ச்சியான திறன் 250 வாட், 25 கிலோமீட்டர் எல்லைக்குள் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது சைக்கிள். ஆனால் சைக்கிளுக்கே எல்லா இடத்திலும் வழி இல்லையே. ஆஸ்திரியாவில் 1975-ம் ஆண்டின் வனச் சட்டப்படி உரிமையாளர் சம்மதம் இல்லாமல் காட்டுச் சாலையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க்கில் காட்டில் 2 மீட்டருக்குக் குறுகிய பாதை சைக்கிளுக்கு மூடியிருக்கிறது. ஸ்காட்லாந்து அதற்கு நேர்மாறு. 2003-ம் ஆண்டுச் சட்டம் பொறுப்போடு ஓட்டுகிற எவருக்கும் பெரும்பாலான நிலத்தைத் திறந்துவிட்டது. அமெரிக்காவில் நிலத்துக்கு நிலம் விதி வேறு. தேசிய வனங்களை நிர்வகிக்கும் வனத்துறை மின்சைக்கிளை மோட்டார் வாகனமாகவே பார்க்கிறது. தனியாக அனுமதித்த பாதைகளைத் தவிர மற்ற ஒற்றையடிப் பாதைகளுக்கு வரக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், மலைச் சைக்கிளின் தாய்வீடான மரினிலேயே, டமல்பயஸ் மலையின் நீர்ப்பிடிப்புக் காடுகளைப் பராமரிக்கும் குடிநீர் நிர்வாகம் மின்சைக்கிள்களை நெடுங்காலம் உள்ளே விடவில்லை. இந்தியாவில் 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள் இருக்கிற மின்சைக்கிளுக்குப் பதிவும் உரிமமும் வேண்டாம். ஆனால் காப்புக்காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும் என்ற விதி சைக்கிளுக்கும் சேர்த்துத்தான்.

பாதையை உழுதுவிடும் என்ற குற்றச்சாட்டையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் 2015-ல் ஒரிகன் மாநிலக் காட்டில் சாதாரண சைக்கிள், மின்சைக்கிள், மோட்டார்பைக் மூன்றையும் ஒரே மாதிரிப் பாதைகளில் ஓட்டிப் பார்த்தது. மண் பெயர்ச்சியில் மின்சைக்கிள் சாதாரண சைக்கிளுக்கு அருகிலேயே நின்றது, மோட்டார்பைக் வெகுதூரம் விலகி நின்றது. கவனிக்க வேண்டியது, அது 2015-ன் மோட்டார். அதற்குப் பிறகு கதை மாறிவிட்டது.

250 வாட் என்று சட்டம் சொல்வது, மோட்டார் சூடேறாமல் நெடுநேரம் கொடுக்கக்கூடிய திறனை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் உச்சத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு அங்கே கடிவாளம் இல்லை. அந்த இடைவெளியில்தான் இப்போது பந்தயம். 2024 ஜூலையில் டிரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் அவினாக்ஸ் என்ற மோட்டாரை அறிமுகப்படுத்தியது: இரண்டரைக் கிலோ எடை, 105 நியூட்டன் மீட்டர், சாதாரணமாக 850 வாட் உச்சம், கொஞ்ச நேரத்துக்கு 1,000 வாட். பாஷ் 2025-ல் மென்பொருள் வழியாகவே தன் மோட்டாரை 85-லிருந்து 100 நியூட்டன் மீட்டருக்கு ஏற்றிக் காட்டியது. ஜெர்மன் சைக்கிள் தொழில் சங்கமே பயந்துபோய், உச்சத் திறனை 750 வாட்டில் நிறுத்தலாம் என்று யோசனை சொன்னது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நடந்து போகிறவர் கண்ணுக்கு 1,000 வாட்டில் செங்குத்தாகப் பாய்ந்து வருகிற ஒன்று சைக்கிளாகத் தெரியாது. ஒரு புகார், இன்னொரு புகார், பிறகு பாதையின் வாசலில் ஒரு தடைப் பலகை. அந்தப் பலகை, 1,000 வாட் ஓட்டியவர், 300 வாட் ஓட்டியவர் என்று பிரித்துப் பார்க்காது. வேகக் கட்டுப்பாட்டைக் கழற்றும் கருவிகளை விற்கிறவர்களும் வாங்கிப் பொருத்துகிறவர்களும் இந்தப் பலகைக்கு அஸ்திவாரம் போடுகிறார்கள்.

எதிர்த்திசையில் போகிற வண்டிகளும் இருக்கின்றன, அவைதான் கவனிக்கத்தக்கவை. 2020-ல் வந்த லீவோ எஸ்எல் வெறும் 35 நியூட்டன் மீட்டர், 320 வாட்-மணி. அதே ஆண்டு ஸ்பெயினின் ஓர்பியா, ஷிமானோ மோட்டாரை வேண்டுமென்றே 60 நியூட்டன் மீட்டராகக் குறைத்து ரைஸ் என்ற வண்டியைச் செய்தது. 2022-ல் டிரெக்கின் ஃப்யூயல் ஈஎக்ஸ்இ 50 நியூட்டன் மீட்டரில் வந்தது, மோட்டார் இருப்பதே காதுக்குத் தெரியாத அளவு அமைதி. இந்த ரகங்களின் இலகுவான வண்டிகள் 17 முதல் 19 கிலோவில் அடங்குகின்றன. வேரைத் தாண்டிக் குதிக்கின்றன, வளைவில் சொன்னபடி கேட்கின்றன, பேட்டரி தீர்ந்தாலும் மிதித்தே வீடு வந்து சேரலாம். கனமான வண்டியில் பேட்டரி தீர்ந்துபோய்க் கடைசி ஏற்றத்தைத் தள்ளியவர்களுக்கு இதன் அருமை புரியும்.

ஆக, யார் மாறலாம்? வீட்டருகே மலையும் வாரத்தில் ஒரு அரைநாளும் உள்ளவர் தாராளமாக மாறலாம். முழங்காலோ இதயமோ எச்சரித்திருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு மாறலாம். உடல்தகுதியில் பெரிய இடைவெளி உள்ள தம்பதிகள், நண்பர்கள் சேர்ந்து ஓட்ட இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தட்டையான பாதையில் 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் பிடித்துப் பழகியவர் மாற வேண்டாம். அந்த வேகத்தில் மோட்டார் வெறும் சுமை. நகரத்தில் நான்காவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் குடியிருப்பவர் 24 கிலோவைத் தினம் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

வாங்குவதென்று முடிவெடுத்தவர்கள் கடை வாசலில் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். தெருவில் எல்லா மோட்டாரும் அற்புதமாகத்தான் இருக்கும். ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, வழக்கமாக ஓட்டும் பாதையில், நடுத்தர உதவியில் பேட்டரி பாதியாகும்வரை ஓட்டுங்கள். பிறகு மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு கிலோமீட்டர் ஏறுங்கள். அதற்கும் முன்னால், அந்தப் பாதையில் மின்சைக்கிளை விடுகிறார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.